கூப்பிடாத ஊர்

என் அப்பா தன் சொந்தத் தங்கையின் புதுவீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை. அத்தை பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவ்வளவுதான் குற்றம். அத்தை வீடு பக்கத்துத் தெரு. பந்தல் போடுகிற சத்தமும் ஐயர் மந்திரம் சொல்வதும் சாம்பார் வாசனையும் எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. அப்பா சட்டை போடாமல் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்தார். "நேருல வந்து ஒரு வார்த்த சொல்லோணுமா இல்லியா?" என்று மட்டும் கேட்டார். மறுவாரம் அத்தையும் மாமாவும் வெற்றிலை பாக்கோடு வந்து, அழுது, சமாதானம் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வந்தது.

காளப்பநாயக்கன்பட்டியில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் வரவேண்டும், தட்டு நீட்டவேண்டும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் பார்த்து "வந்துருங்க" என்று சொல்லவேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் ஆள் வராது. அழையாத வீட்டில் கால் வைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நடக்கக் கற்றுக்கொண்ட மாதிரி அதுவும் தானாக வந்துவிட்டது. ரோஷத்தில் நான் அப்பாவின் மகள்.

என் கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். கொல்லிமலைக்கு மாற்றலானபோது முதலில் தனியாகத்தான் போனார். வாரக் கடைசியில் இறங்கி வருவார். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. காற்றடித்தால் எங்காவது ஒரு சில்வர் ஓக் மரம் ஒயர்மேல் சாயும், அவர் மலையை விட்டு இறங்க முடியாது. மகள் அப்போது மூன்றாம் வகுப்புக்குப் போக இருந்தாள். அப்பா எப்போது வருவார் என்று தினமும் நச்சரித்தாள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், ஒரு ஜூன் மாதம் வீட்டைப் பூட்டி, தையல் மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு நாங்களும் கிளம்பிவிட்டோம். அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் மகள் வாந்தியெடுத்தாள். பிறகு நான். மேலே போய்ச் சேர்ந்தபோது வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கக்கூடத் தெம்பில்லை.

திண்ணனூர் நாட்டில் ஒரு சின்ன ஊர் அது. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். ரோட்டிலிருந்து இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்தால் வீடுகள் தெரியும். எங்களுக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்தை ஒட்டி, சிமென்ட் ஷீட் போட்ட வீடு. வேனிலிருந்து சாமான் இறக்கி முடிவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்துவிட்டார். வாசலில் நிற்கவில்லை, யாருங்க என்று குரல் கொடுக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். அடுப்பில் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் வேகவைத்த குச்சிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் இருந்தன. "புள்ளைக்குக் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர், யார் வீடு, என்ன வகையில் சொந்தம் என்று எதையும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் புதிதாக ஒருத்தி குடிவந்தால் இந்நேரம் அவளுடைய கொள்ளுத்தாத்தா வரைக்கும் விசாரித்து முடித்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் அதேபோலத்தான். நான் மிஷினில் உட்கார்ந்திருப்பேன், ஒரு பெண் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்காருவாள். கிழிந்த பாவாடையை மடியில் வைத்திருப்பாள், இல்லாவிட்டால் சும்மாவே உட்கார்ந்திருப்பாள். பேச்சு அதிகம் கிடையாது. சோற்றுப் பானை மூடியைத் திறந்து பார்ப்பார்கள். மகளின் தலையைப் பிடித்து இழுத்து வைத்துப் பேன் பார்ப்பார்கள். எழுந்து போகும்போது வாரேன் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. எனக்கு அவர்கள் வைத்த பெயர் கரண்டுக்காரம்மா. பி.காம். முடித்தவள், எம்பிராய்டரி தெரிந்தவள், கடைசியில் கம்பத்தில் ஏறுகிறவரின் பெண்டாட்டி என்கிற ஒரே அடையாளம்தான் மிஞ்சியது.

ஒருநாள் எனக்குத் தெரிந்த மரியாதையைக் காட்டிவிடுவது என்று முடிவுசெய்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்தபோது மிஷினை விட்டு எழுந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வீட்டுக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைச் சூடாகவே குடித்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, உடனே கிளம்பிவிட்டார். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வரவே இல்லை. மரியாதை கொடுத்தால் வாங்கத் தெரியவில்லையே என்று கணவரிடம் புலம்பினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

மகளைப் பற்றித்தான் எனக்குப் பயம் இருந்தது. கீழே அவள் படித்தது வேன் வந்து அழைத்துப்போகிற, டை கட்டுகிற பள்ளிக்கூடம். இங்கே ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் மொத்தப் பிள்ளைகளும் இரண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். முதல்நாள் ஷூவும் சாக்ஸும் போட்டுத்தான் அனுப்பினேன். பிள்ளைகள் யாரும் அவளோடு பேசவில்லை, ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இரண்டாம் நாளும் அப்படியே. வீட்டுக்கு வந்து புத்தகப்பையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பாவாடை முழுக்க நனைந்து, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, எங்கிட்ட குடம் குடுத்துட்டாங்க," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

விசாரித்தால் விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர் கீழே இருக்கிற குழாயிலிருந்து வரவேண்டும். பிள்ளைகள்தான் முறைபோட்டுக் கொண்டுவருவார்கள். அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் குடத்தை இவள் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்திருக்கிறாள். இவள் பின்னால் போயிருக்கிறாள். பாதித் தண்ணீரைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு மீதியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். வந்ததும் எல்லோரும் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. படிக்க அனுப்பினால் தண்ணீர் சுமக்க வைக்கிறார்கள் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அந்த டீச்சர் ராசிபுரத்துக்காரர். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் பஸ் நேரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அவருக்கு முன்னால் இருந்தவர் வந்த வேகத்தில் மாற்றல் வாங்கிப் போனாராம், அதற்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தானாம். "நான் கொண்டாரச் சொல்லுலீங்க, அவங்களா பண்ணிக்கறாங்க. எங்கிட்ட ஒருநாளும் குடத்தக் குடுத்ததில்லீங்க," என்றார். கடைசியில் சொன்னதை ஏதோ வருத்தம் மாதிரிச் சொன்னார். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. மகள் சந்தோஷமாக இருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். ஷூ அலமாரிக்கு மேலே போனது. மழைக்காலத்தில் அதில் பூஞ்சை பிடித்தது.

ஆடி மாதம் ஊர் மாரியம்மன் நோம்பி வந்தது. திருவிழாவை எங்கள் பக்கமும் நோம்பி என்றுதான் சொல்வோம், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. பட்டுச்சேலையை எடுத்து உதறி வைத்தேன். பம்பைச் சத்தம் கேட்டது. யாராவது வந்து சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. என் கணவர் கோயிலுக்கு டியூப்லைட் கட்டப் போனார், அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். மகள் காலையிலேயே ஓடிப்போய்விட்டாள், சின்னப் பிள்ளை என்று விட்டேன். நான் மட்டும் வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. எதிர் மரம் தெரியவில்லை. ஊரே ஒரு இடத்தில் கூடியிருக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. தனிமை என்பதை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். ஆளில்லாத காட்டில் தனியாக இருந்தால் அவ்வளவு வலிக்காது. கூப்பிடு தூரத்தில் எல்லோரும் இருந்து, யாரும் கூப்பிடவில்லை என்றால்தான் வலிக்கிறது.

போனில் அம்மாவிடம் சொல்லி அழலாம் என்றால் ரோட்டுக்கு ஏறி, பஸ் நிற்கிற இடத்துப் பாறைமேல் நின்றால்தான் சிக்னல் வரும். அங்கே நின்று அழுதால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் அம்மாவிடம் எப்போதும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

அப்புறம் ஐப்பசியில் ஒரு காதுகுத்து, கார்த்திகையில் வயசுக்கு வந்த ஒரு பெண்ணுக்குச் சீர். ஒன்றுக்கும் அழைப்பில்லை. ஆனால் காதுகுத்து வீட்டுக்காரி முன்தினம் வந்து என் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாள். "அண்டா எடுத்துக்கறேன்" என்பதுதான் அவள் சொன்ன மொத்த வார்த்தை. என் அண்டா விசேஷத்துக்குப் போகலாம், நான் போகக் கூடாது. இதைச் சொன்னால் கணவர் சிரித்தார். அன்று ராத்திரிக்கு அவருக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமே வைக்கவில்லை.

தை மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஜாக்கெட் தைக்க அந்த அக்காவே துணி கொண்டுவந்தார். நான் அதில் என் கைவரிசை முழுவதையும் காட்டினேன். கழுத்துக்கு லேஸ், கைக்கு ஜரிகைப் பூ. ஏழு மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர், என் மகளுக்குத் தினமும் ஏதாவது தின்னக் கொடுக்கிறவர், இதற்காவது கூப்பிடாமல் இருக்கமாட்டார் என்று நம்பினேன். ஜாக்கெட்டை வாங்க வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது, அதை நான் பார்த்தேன். சுவரில் சாய்ந்து கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் வடைச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து சேலை கட்டித் தலைசீவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றேன். கணவர் லைட் பார்க்கப் போயாகிவிட்டது, மகளைக் காணோம். கொட்டு முழக்கம் ஆரம்பித்தது. அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி வெற்றிலைக் கூடையோடு எங்கள் வாசலைத் தாண்டினாள். உள்ளே எட்டிப் பார்த்து, "என்னுங்க, இன்னும் இங்கியே உக்காந்துருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கூப்பிடாத கல்யாணத்துக்குப் பட்டு கட்டி உட்கார்ந்திருக்கிறேன் என்று கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். என் தலைக்குள் சூடு ஏறியது. சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு நைட்டியை மாட்டினேன். பிறகுதான் மகள் அங்கே இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது.

நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். போய்க் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"கூப்புடாத ஊட்டுல உனக்கென்னடி சோறு? எந்திரி," என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. பந்தியே நிமிர்ந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா குழம்பு வாளியோடு நின்றவர் அப்படியே நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் வேற்றுப் பாஷை எதையோ பேசிவிட்ட மாதிரிப் பார்த்தார். மகள் எச்சில் கையோடு என் பின்னால் வந்தாள். அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை.

கணவர் திரும்பி வந்து, "நீ ஏன் வரலை?" என்று கேட்டார். யார் கூப்பிட்டார்கள் என்று திருப்பிக் கேட்டேன். தன்னையும் யாரும் கூப்பிடவில்லை என்றார். "நீங்க லைட் கட்டப் போனீங்க, அது வேலை," என்றேன். அவர் யோசித்தார். பிறகு, பந்தியில் தன்னையும் வாளி தூக்கவைத்துவிட்டார்கள் என்று சட்டையில் இருந்த குழம்புக் கறையைக் காட்டினார். வந்தவரை வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்குள் யாரும் வரவில்லை. துணி தைக்கக் கொடுப்பவர்கள் வாசலில் நின்று, "ஏனுங்க" என்று கூப்பிட்டு, நான் வெளியே வந்த பிறகு கொடுத்தார்கள். அண்டா ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. சோற்றுப் பானையை நான்தான் திறந்தேன், நான்தான் மூடினேன். காலையில் மகளைக் கூட்டிப்போக வரும் பிள்ளைகள் முன்பெல்லாம் அடுப்படி வரைக்கும் ஓடிவந்து அவளை இழுத்துக்கொண்டு போவார்கள். இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பரவாயில்லை, கடைசியில் கொஞ்சம் பழக்கவழக்கம் வந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி. ஆனால் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் மகள் முகம் சுருங்கியது. நான்காம் நாளிலிருந்து அவர்கள் வருவதற்கு முன்பே தனியாகக் கிளம்பிப் போக ஆரம்பித்தாள்.

மாசி, பங்குனி இரண்டும் எனக்கு வேறு வேறாக நினைவில்லை. காலையில் மூடுபனி, பகலில் மிஷின் சத்தம், மாலையில் மறுபடி மூடுபனி. சில நாள் காலையில் கணவர் வேலைக்குப் போனால் அவர் திரும்பும் வரைக்கும் நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். என் குரல் இருக்கிறதா என்று பார்க்கவே மகளை அதட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாள் கணவர், கீழே ஒரு இடம் காலியாகிறது, கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். சட்டென்று சரி என்றேன். மகள் பாயில் படுத்திருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம்.

"நானு வரலம்மா," என்றாள் கண்ணைத் திறக்காமல். "எங்கிட்ட குடம் இருக்குது."

பள்ளிக்கூடத்துக் குடத்தைப் போய் என்னவோ சொத்து மாதிரிச் சொல்கிறாளே என்றுதான் நினைத்தேன். கீழே உனக்குத் தண்ணீர்ப் பாட்டிலே வாங்கித் தருகிறேன், படம் போட்டது, என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே மாதம் காலி செய்தோம். சாமான் ஏற்ற ஊரே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பலாப்பழத்தையும் ஒரு துணிப்பையில் மிளகையும் வேனில் வைத்தார். மகளின் கன்னத்தை வழித்து, "நல்லாப் படி, சாமி" என்றார். இருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வளைவுகளில் இறங்கும்போது அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதேன். ஒரு வார்த்தை, ஏன் போகிறீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெட்டியை இறக்கியிருப்பேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வாந்தி எடுக்கவில்லை. மலைப்பாதை அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

காளப்பநாயக்கன்பட்டியில் எனக்கு இரண்டே நாளில் உயிர் வந்துவிட்டது. வாசலில் நின்றால் போதும், போகிறவர் வருகிறவர் எல்லோரும் விசாரித்தார்கள். மகள் பழைய பள்ளிக்கூடத்துக்கே போனாள், புது ஷூ, புது டை. மிஸ் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை யாரோடும் சேருவதில்லை, மதியச் சாப்பாட்டின்போது மற்ற பிள்ளைகளின் டப்பாவைக் கேட்காமல் திறந்து பார்க்கிறாள், அவர்கள் புகார் சொல்கிறார்கள் என்றார். வீட்டில் கண்டித்தேன். அதற்குப் பிறகு அவள் திறக்கவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆடி பிறந்த வாரத்தில் ஒருநாள் காலை, கேட்டுக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "ஏனுங்க, ஊட்டுல இருக்கறீங்களா?" எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அவர் வெள்ளை வேட்டி சட்டை, அக்கா கல்யாணத்துக்குக் கட்டிய சேலை. கையில் தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம். முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார்கள். கேட் திறந்துதான் இருந்தது. நான் வந்து வாங்க என்று சொல்லும் வரைக்கும் உள்ளே கால் வைக்கவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாற்காலி போட்டேன், காபி வைத்தேன், பக்கத்து வீடுகளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசினேன். இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அக்கா எழுந்து நின்று, தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "நம்மூரு மாரியாயி நோம்பிங்க. குடும்பத்தோட அவசியம் வந்துரோணுமுங்க," என்றார். எங்கள் ஊர்க்காரர்கள்கூட அவ்வளவு முறையாகச் சொன்னதில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, மனதில் இருந்ததைக் கேலிபோலக் கேட்டேவிட்டேன்.

"அங்க இருந்தப்ப ஒரு விசேஷத்துக்காச்சும் கூப்புட்டீங்களாக்கா? இப்பத்தான் நெனப்பு வந்துதா?"

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்க ஊருல இருந்தீங்களேங்க," என்றார். "ஊருக்குள்ள இருக்கறவங்கள யாருங்க கூப்புடுவாங்க? வெளியூருக்காரங்களத்தானுங்க கூப்புடோணும்."

கையில் தட்டோடு நின்றேன். அண்டா எடுத்துக்கறேன் என்று சொன்னதும், வடைச்சட்டியோடு போனதும், இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மகள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அக்கா அவளை வா என்று கூப்பிட்டார். முன்பு என்றால் கூப்பிடாமல் கையைப் பிடித்து இழுத்திருப்பார். அவள் தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வெற்றிலைக்கு என்ன அர்த்தம் என்று அப்போதே தெரிந்திருந்தது. எனக்குத்தான் ஒரு வருஷம் ஆனது. இன்றைக்கும் சொல்கிறேன், முதல் மாதமே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே யாருக்கும் இது சொல்லித்தரவேண்டிய விஷயமாகத் தெரிந்திருக்காது, எங்கள் வழக்கத்தை எனக்குச் சொல்லித்தர என் அப்பாவுக்கு எப்படித் தோன்றவில்லையோ அப்படி.

நோம்பிக்குப் போனோம். முறையாக அழைத்த பிறகு போகாமல் இருக்க முடியாது, அது எங்கள் ஊர் வழக்கம். கோயிலுக்கு முன்னால் பந்தலில் எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். என் கணவர் டியூப்லைட் ஒன்று மினுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து எழுந்தார். நீங்கள் உட்காருங்கள், ஆள் இருக்கிறது என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் இடத்துக்கு வந்திருந்த புது லைன்மேன் ஏணியில் நின்றிருந்தார், கீழே நின்ற யாரோ அவரை உரிமையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பந்தியில், மேஜை போட்டு, முதல் இலை எங்களுக்கு. அக்கா என் இலைக்கு முன்னால் குனிந்து, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லட்டுங்களா என்று கேட்டார். என் சோற்றுப் பானையைக் கேட்காமல் திறந்து பார்த்தவர் அவர். போதுங்க என்றேன்.

அப்போது பிள்ளைகள் குழாயிலிருந்து குடங்களோடு வரிசையாக ஏறி வந்தார்கள். எல்லாம் மகளோடு பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள். அவள் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடினாள். கடைசியாக வந்த சின்னப் பெண்ணின் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்தாள். தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முதல்முதலில் அவள் கையில் குடம் திணித்த அந்தப் பெண் இப்போது வளர்ந்திருந்தாள். அவள் தன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, மகளின் இடுப்பிலிருந்து குடத்தை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"நீ உக்காரு. விருந்தாடிங்க தண்ணி தூக்கக் கூடாது," என்றாள். அதட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

மகள் திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. சாப்பிடு கண்ணு என்றேன். அவள் இலையைத் தொடவில்லை.

"கை கழுவக்கூட எந்திரிக்க வேண்டாமாம், அம்மா," என்றாள். "இங்கியே தண்ணி கொண்டாந்து குடுப்பாங்களாம்."

நான் அவள் முதுகில் கைவைத்தேன். கொஞ்சநேரத்தில் அந்தப் பெண்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.